மரபியல் சங்கங்கள் யாருக்காக? அத்தியந்தல் சாமையிலிருந்து ஒரு பார்வை

அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. அங்கிருந்து சில கிலோமீட்டரில் அத்தியந்தல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் அந்த ஊரில்தான் இயங்குகிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் வழியிலிருந்து இவ்வளவு பக்கத்தில் சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றின் புதிய ரகங்கள் உருவாகின்றன என்பது அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2019இல் வெளியான 'ஏடிஎல் 1' சாமை இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. கோ 4 சாமையையும் 'டிஎன்ஏயு 141' என்ற வளர்ப்பையும் கலப்புச் செய்து தேர்ந்தெடுத்த ரகம் அது. 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

ஒரு ரகம் பிறக்க நிலம், ஆய்வுக்கூடம், சம்பளம் வாங்கும் விஞ்ஞானி எல்லாம் வேண்டும். அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் வேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் சோதிக்கவும், தோற்றதைச் சொல்லவும், இளையவர் மூத்தவரிடம் கேட்கவும் ஒரு பொதுவெளி வேண்டும். அதைத்தான் அறிவியல் சங்கங்கள் தருகின்றன. மரபியலுக்கென்று உள்ள சங்கங்கள் என்ன செய்கின்றன, அவை யாருக்கு என்ன வாய்ப்பைத் தருகின்றன, அடி அண்ணாமலையில் வளரும் ஒரு மாணவிக்கோ ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் ஒரு குடும்பத்துக்கோ அவற்றில் இடம் உண்டா என்பதே இங்கே கேள்வி.

மெண்டலின் பட்டாணி ஆய்வு 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது அதை நம்பியவர்கள் சிலரே. அவர்களில் முன்னணியில் நின்றவர் கேம்பிரிட்ஜின் வில்லியம் பேட்சன். அவரும் ரெஜினால்ட் புன்னட்டும் 1910இல் 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழைத் தொடங்கினார்கள். 1919இல் பேட்சனும் எடித் சாண்டர்ஸும் சேர்ந்து பிரிட்டனில் மரபியல் சங்கத்தை அமைத்தார்கள். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுக்காத காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண் தாவரவியலாளர் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக நின்றதை இந்தத் துறையின் நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். அமெரிக்க மரபியல் சங்கம் 1931இல் வந்தது.

அந்த முதல் இதழுக்கு நம் நாட்டோடு ஒரு பந்தம் உண்டு. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தபோது 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழையும் கூடவே கொண்டுவந்தார். 1964இல் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். 1985 முதல் அந்த இதழைப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டு வருகிறது. ஆங்கிலத்தில் வெளிவந்த மிகப் பழைய மரபியல் இதழ்களில் ஒன்று இன்று நமக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் தயாராகிறது.

நம் நாட்டில் இத்துறையின் தாய்ச் சங்கம் என்று சொல்லத்தக்கது, 1941இல் தில்லியில் தொடங்கிய இந்திய மரபியல், பயிர் இனப்பெருக்கச் சங்கம். பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1936இல் தில்லிக்கு மாறியது. அங்கே கோதுமையில் துருநோய் எதிர்ப்பைத் தேடிக்கொண்டிருந்த பி. பி. பால் இந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். சங்கத்தின் இதழை ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவரே தொகுத்தார். நிலைய இயக்குநராக இருந்தபோதும், பிறகு 1965இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானபோதும், அந்தப் பதவிகளின் சுமைக்கு நடுவே மற்றவர்களின் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதற்கு நேரம் ஒதுக்கினார். ஒரு சங்கம் நிலைப்பது இப்படிப்பட்ட கூலியில்லாத உழைப்பால்தான்.

தமிழகத்தில் இந்த வேர் இன்னும் பழையது. கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நாணல் போன்ற காட்டுக் கரும்பை நாட்டில் பயிரிடும் கரும்போடு கலந்து, 1918இல் 'கோ 205' ரகத்தைக் கொடுத்தார்கள். சிறுதானியங்களுக்கென்று 1923இல் அதே ஊரில் ஓர் இனப்பெருக்க நிலையம் வந்தது. அதற்குத் தலைமை ஏற்ற ஜி. என். ரங்கசாமி ஐயங்கார் கேழ்வரகிலும் சோளத்திலும் எந்தக் குணம் எப்படி இறங்குகிறது என்று பொறுமையாகக் குறித்துவைத்தவர். அத்தியந்தலில் இன்று நடக்கும் வேலை அவர் போட்ட வரப்பில்தான் நடக்கிறது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பயிர் இனப்பெருக்கவியலாளர் சங்கம் இயங்குகிறது. அது 2010 முதல் 'எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் பிளான்ட் பிரீடிங்' என்ற இணைய இதழை நடத்துகிறது. சந்தா கட்டாமலே படிக்கலாம். நூலகத்துக்குப் போதிய பணமில்லாத ஒரு மாவட்டக் கல்லூரிக்கு இது சின்ன உதவி அல்ல.

சங்கத்தின் முதல் வேலை இதழ் நடத்துவது என்பதில் எனக்கு ஐயமில்லை. மாநாடு, விருது, பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகு. காரணத்தைச் சாமையை வைத்தே சொல்லலாம்.

சாமைப் பூ மிகச் சிறியது. காலை வேளையில் விரிந்து சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் தன் மகரந்தத்தால் தானே சூல் கொண்டுவிடும். இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், தாய்ப்பூவின் மகரந்தப் பைகள் வெடிக்கும் முன்பே அவற்றை அகற்ற வேண்டும். ஊசி முனையைவிடச் சற்றே பெரிய ஒரு பூவில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, சூலகத்தைக் காயப்படுத்தாமல் இதைச் செய்ய வேண்டும். அதனால்தான் நம் சிறுதானிய ரகங்களில் பல நெடுங்காலம் வரை விவசாயிகளின் நாட்டு ரகங்களிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்து உருவாக்கப்பட்டவையாகவே இருந்தன. கலப்புச் செய்து பிறந்தவை குறைவு. இந்தத் தடையைத் தாண்டப் பலர் பல வழி தேடினார்கள். கதிரைச் சூடான நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, பெண்ணுறுப்பு கெடாமல் மகரந்தத்தை மட்டும் செயலிழக்கச் செய்வது ஒரு வழி. பூக்கும் தறுவாயிலுள்ள இரண்டு கதிர்களைச் சேர்த்துக் கட்டி, கலப்பு நடந்திருந்தால் அடுத்த தலைமுறையில் கண்டுபிடிப்பது கேழ்வரகில் கையாளும் வழி. காமா கதிரைப் பாய்ச்சிப் புதிய மாறுபாடுகளை உண்டாக்குவது இன்னொன்று.

இவற்றில் எந்த வெப்பநிலை எந்தத் தானியத்துக்குச் சரி, எந்த நேரத்தில் பூ விரிகிறது, எத்தனை முயற்சியில் எத்தனை விதை கிடைத்தது என்ற விவரமெல்லாம் சங்க இதழ்களின் பக்கங்களில்தான் சேர்ந்து கிடக்கிறது. கோதுமைக்கும் நெல்லுக்கும் உலகப் பெரிய இதழ்கள் இடம் கொடுக்கும். சாமைப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது என்ற குறிப்பை யார் அச்சிடுவார்கள்? நம் சங்கங்கள் அச்சிட்டன. தினையின் முழு மரபணுத் தொகுதி 2012இல் வெளியானபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதைத் திரும்பிப் பார்க்க வைத்த பயிரைக் கைவிடாமல் பல பத்தாண்டுகள் குறித்துவந்தவர்கள் இந்தச் சிறிய இதழ்களின் ஆசிரியர்களும் வாசகர்களும்தான். 2023ஐ ஐ.நா. அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அந்த உழைப்புக்கு ஒரு தாமதமான மரியாதை கிடைத்தது.

இதழுக்கு அடுத்தது மாநாடு. மாநாடு ஒருவரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டதற்கு ஜானகி அம்மாளைவிட வேறு சான்று வேண்டாம். தலச்சேரியில் 1897இல் பிறந்த அவர், 1934இல் கோவை கரும்பு நிலையத்தில் சேர்ந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். 1939இல் எடின்பரோவில் கூடிய ஏழாவது உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு நடக்கும்போதே போர் நெருங்கிவிட்டது. திரும்பிவர வழியில்லாமல் இங்கிலாந்திலேயே தங்கினார். அங்கே சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். உலகெங்கும் தாவர மரபியலாளர் மேசைகளில் அது இருந்தது. 1951இல் நேருவின் அழைப்பில் நாடு திரும்பினார். கோவையில் ஒரு பெண் ஆராய்ச்சியாளராக, சாதியாலும் பாலினத்தாலும் ஒதுக்கல்களைச் சந்தித்த ஒருவருக்கு, அந்த மாநாட்டு அரங்கம் ஆய்வால் மட்டுமே எடைபோடப்படும் இடமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதே உலக மாநாட்டின் 15ஆவது கூட்டம் 1983 டிசம்பரில் புதுதில்லியில் நடந்தது. தலைமை வகித்தவர், கும்பகோணத்தில் பிறந்து கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம். எஸ். சுவாமிநாதன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இந்திய மரபியல் வெறும் மாணவ நிலையில் இல்லை என்பது உலகுக்குத் தெரிந்தது.

இன்றைய மாநாடுகளின் நிலை வேறு. பதிவுக் கட்டணம், பயணம், தங்கும் செலவு என்று கூட்டிப் பார்த்தால் ஒரு மாவட்டக் கல்லூரி மாணவருக்கு அது எட்டாத தொகையாகிவிடுகிறது. மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம், சுவரொட்டி விளக்கத்துக்குப் பரிசு, பயண உதவி எனச் சங்கங்கள் சில ஏற்பாடுகளைச் செய்கின்றன. அவை போதாது. பெரும்பாலான கூட்டங்கள் தில்லி, ஐதராபாத், பெங்களூரு, கோவை போன்ற இடங்களிலேயே நடக்கின்றன. தண்டராம்பட்டுப் பக்கம் வாழவச்சனூரில் 2014 முதல் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கல்லூரியும் உண்டு, சிறுதானிய மையமும் உண்டு, ஜவ்வாது மலையில் நாட்டுச் சாமை விளையும் கொல்லைகளும் உண்டு. சிறுதானிய மரபியலுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்ட இடம் தமிழகத்தில் எங்கே இருக்கிறது?

மரபியல் என்றால் பயிர் மட்டுமில்லை. மனித மரபியலுக்கும் நம் நாட்டில் சங்கங்கள் உண்டு. அவற்றின் வேலை நம் வீட்டு வாசலுக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த திருமணங்களில் 28 விழுக்காடு சொந்தத்துக்குள் நடந்தவை. நாட்டின் சராசரி 11 விழுக்காடு. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டினால், பிறக்கும் குழந்தையிடம் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் ஒரு பங்கு. தாய்மாமனே அக்காள் மகளைக் கட்டினால் 8இல் ஒரு பங்கு. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலான தம்பதிகளுக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. அதனால் பயமுறுத்துவது தவறு. ஆனால் ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை இருந்து, அடுத்த குழந்தை பற்றி அவர்கள் யோசிக்கும்போது, கணக்கை நிதானமாகச் சொல்லி, முடிவை அவர்களிடமே விடும் ஒருவர் அருகில் வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் மரபணு ஆலோசனை. அதற்குத் தகுதித் தேர்வும் சான்றும் ஏற்படுத்தியதில் தொழில்முறை அமைப்புகளின் பங்கு பெரிது. இந்திய மருத்துவ மரபியல் கழகம் 'ஜெனெடிக் கிளினிக்ஸ்' என்ற காலாண்டிதழை மருத்துவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி அதைப் படித்தால், அரிதான நோயோடு வரும் ஒரு குழந்தையை அடையாளம் காண முடியும். உயிரியல் படித்து, மருத்துவர் ஆக முடியாமல் போன நம் பிள்ளைகளுக்கு இந்த ஆலோசகர் வேலை ஒரு நல்ல வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் துறை உண்டு. இப்படி ஒரு வழி இருப்பதைப் பள்ளியிலேயே யாராவது சொல்ல வேண்டும்.

வாய்ப்புகளைப் பொறுத்தவரை இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை தேடினால் கிடைக்கும்.

ஒன்று கோடைகால ஆய்வு உதவித்தொகை. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களிலுள்ள மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து இதை நடத்துகின்றன. தேர்வாகும் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இரண்டு மாதம் வரை நாட்டின் நல்ல ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்யலாம். உதவித்தொகையும் பயணச் செலவும் உண்டு. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு, என்ன ஆராய விரும்புகிறீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். பாடம் தெரியும். எதையாவது ஆராய விரும்பலாம் என்பதே அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. தாத்தா கொல்லையில் விதைத்த சாமைக்கும் மையத்துச் சாமைக்கும் என்ன வேறுபாடு என்று எழுதினாலே அது நல்ல ஆய்வுக் கேள்வி.

இன்னொன்று விவசாயிகளுக்கானது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், தன் நாட்டு ரகத்தைத் தன் பெயரில் கட்டணமின்றிப் பதிவு செய்யும் உரிமையை உழவருக்குத் தருகிறது. மரபு ரகங்களைக் காத்துவரும் சமூகத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை விருதும் உண்டு. ஆனால் பதிவுக்குச் செடியின் உயரம், கதிர் வடிவம், விதை நிறம் என்று பல குணங்களை முறையாக அளந்து காட்ட வேண்டும். மரபியல் படித்தவர் துணையில்லாமல் ஓர் உழவரால் இதைச் செய்ய முடியாது. கொல்லிமலையில் வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை என்று மலையாளிப் பழங்குடி மக்கள் பெயரிட்டுக் காத்துவந்த ரகங்களோடு சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் உழைத்தது. அதேபோன்ற வேலையை ஜவ்வாது மலையில் ஒரு மரபியல் சங்கம் எடுத்துச் செய்தால், சங்க உறுப்பினருக்கு நல்ல ஆய்வு; மலைவாசிக்கு உரிமைப் பத்திரம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சங்கம் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு, பணம் கட்டினால் 'சிறந்த இளம் விஞ்ஞானி' என்று பட்டயம் அனுப்பும் கூட்டங்கள் பெருகிவிட்டன. வேலைக்கான மதிப்பெண் பட்டியலில் விருதுக்கும் கட்டுரைக்கும் இடம் வைத்திருப்பதால் இவை பிழைக்கின்றன. ஒரு சங்கத்தை நம்பலாமா என்று பார்க்கச் சில எளிய கேள்விகள் போதும். இதழ் எத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் வருகிறது? கட்டுரைகளை வேறு அறிஞர்கள் படித்துத் திருப்பி அனுப்புகிறார்களா, அல்லது பணம் கட்டிய மறுவாரமே ஏற்கிறார்களா? வேளாண் துறை இதழ் என்றால் தேசிய வேளாண் அறிவியல் கழகத்தின் தரப் பட்டியலில் இருக்கிறதா? பெரியவர்களே இதில் ஏமாறுகிறார்கள். முதுகலை மாணவர்களை வழிகாட்டி ஆசிரியர்கள் எச்சரிக்க வேண்டும்.

சங்கங்களிடம் எனக்குள்ள பெரிய குறை மொழி பற்றியது. அவற்றின் இதழ்கள் ஆங்கிலத்தில் வருவதில் தவறில்லை. உலகத்தோடு பேச அது வேண்டும். ஆனால் 2010இல் பிடி கத்தரிக்காய்க்குத் தடை வந்தபோதும், 2022இல் மரபணு மாற்றக் கடுகுக்கு அனுமதி வந்தபோதும், 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தபோதும், தமிழ் நாளிதழ் படிக்கும் உழவருக்கு இரண்டு குரல்களே கேட்டன. ஒன்று எல்லாம் நஞ்சு என்றது. மற்றது எல்லாம் வரம் என்றது. வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்துவதற்கும், செடியின் சொந்த மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் என்ன வேறுபாடு, விதையைத் திரும்ப எடுத்து விதைக்கலாமா, உரிமம் யாரிடம் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் சங்கங்களுக்குள் இருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மல்லாட்டையும் நெல்லும் போடும் நம் ஊர் உழவரிடம் அவர்கள் பேசவில்லை. ஒரு துறையின் சங்கம் ஆராய்ச்சியாளரின் பதவி உயர்வுக்கு மட்டும் உதவினால் அது தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது.

கோவைச் சங்கத்துக்கும் தில்லிச் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள் அத்தியந்தலில் கூடுங்கள். காலையில் பூ விரியும் நேரத்தில் வாழவச்சனூர் மாணவர்களின் கையில் ஊசியையும் உருப்பெருக்கியையும் கொடுத்துச் சாமையில் கலப்புச் செய்யக் கற்றுத்தாருங்கள். மதியம் ஜவ்வாது மலைக்காரர்கள் தங்கள் விதைகளோடு வரட்டும். அவற்றை அளந்து பதிவுக்கான படிவத்தை அவர்களோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அடி அண்ணாமலைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, தமிழில் பேசுங்கள். அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களும் காத்திருக்க வேண்டாம். அத்தியந்தல் மையம் பக்கத்தில்தான் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, சாமை பூத்திருக்கும் பருவத்தில் ஒரு வகுப்பை அங்கே அழைத்துப் போங்கள்.